கவுண்டரில் கேட்கப்படாத கேள்வி

நியூயார்க் நகரத்தின் குயீன்ஸ் பகுதியில், ஃப்ளஷிங் என்னும் இடத்தில் பவுன் தெரு என்று ஒரு தெரு உண்டு. ஐ.நா. சபையில் பணியாற்றிய அழகப்பா அழகப்பன் என்ற தமிழர் முன்நின்று 1970-இல் தொடங்கிய சங்கம் அந்தத் தெருவில் ஒரு பிள்ளையார் கோயில் கட்டியது; 1977-இல் கும்பாபிஷேகம் நடந்தது. அங்குள்ள உணவகத்தின் தோசைக்கு இன்று கோயிலுக்கு வராதவர்கள்கூட வரிசையில் நிற்கிறார்கள். 2022 ஏப்ரலில் அந்தத் தெருமுனையில் 'கணேஷ் கோயில் தெரு' என்று இன்னொரு பெயர்ப்பலகையும் ஏறியது. பழைய பெயரை எடுக்கவில்லை, பக்கத்தில் புதியதையும் சேர்த்தார்கள். அந்தப் பழைய பெயருக்கு உரியவர் ஜான் பவுன். நியூயார்க் டச்சுக்காரர்களின் குடியேற்றமாக இருந்தபோது, தடை செய்யப்பட்டிருந்த குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் கூடித் தொழத் தன் வீட்டைத் திறந்துவிட்டவர். 1662-இல் ஆளுநர் அவரைக் கைதுசெய்து நாடு கடத்தினார். பவுன் ஆம்ஸ்டர்டாமுக்கே போய் குடியேற்றத்தை நடத்திய டச்சுக் கம்பெனியின் இயக்குநர்களிடம் முறையிட்டார். 1663-இல் அவர்கள் ஆளுநருக்கு எழுதிய கடிதத்தின் சாரம் இது: இந்தப் பிரிவினர் எங்களுக்கும் பிடித்தமானவர்கள் அல்லர், ஆனாலும் ஆள் வரத்து குறைந்தால் குடியேற்றம் வளராது, அடக்கமாக நடந்துகொள்ளும்வரை அவரவர் நம்பிக்கையைக் கிளறாமல், கண்டும் காணாமல் விட்டுவிடு. கருணையில் எழுதிய கடிதம் அல்ல, வியாபாரிகளின் கணக்கு. ஆனால் பல நாட்டுக்காரர்கள் வந்து குடியேறும் நகரத்தை எப்படி நடத்துவது என்பதற்கு அதைவிடத் தெளிவான யோசனை பிற்காலத்தில் அதிகம் வரவில்லை.

குடியேறிய மக்களுக்கு ஒரு மாநகராட்சி என்ன செய்கிறது என்று கேட்டால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அந்தப் புதிய பெயர்ப்பலகைதான். பண்டிகை வாழ்த்து, கலாசார விழா, மேயர் குத்துவிளக்கு ஏற்றும் புகைப்படம் எல்லாம் இதே வகை. நியூயார்க்கில் தெரு பெருக்குவதற்காகக் குறிப்பிட்ட நாட்களில் ஒரு பக்கத்துக் கார்களை எடுத்துவிட வேண்டும்; தீபாவளியன்று அந்த விதிக்கு விடுமுறை உண்டு. 2023-இல் மாநிலச் சட்டம் வந்து, 2024 நவம்பர் 1 அன்று நகரத்தின் அரசுப் பள்ளிகள் முதல்முறையாக தீபாவளிக்கென்றே மூடப்பட்டன. இவற்றைக் கேலி செய்ய வேண்டியதில்லை. தன் பண்டிகை தான் வாழும் ஊரின் நாட்காட்டியில் ஏறுவது சின்ன விஷயம் அல்ல. ஆனாலும் இவை செலவு குறைந்தவை, எதிர்ப்பு குறைந்தவை. படம் எடுக்க வசதியானவை. ஒரு நகர நிர்வாகம் குடியேறியவர்களுக்கு உண்மையில் உதவுகிறதா என்பதை அளக்க வேண்டிய இடம் கவுண்டர். அங்கே எந்தக் கேள்வி கேட்கப்படுவதில்லை, பதில் எந்த மொழியில் வருகிறது, எந்தக் காகிதம் செல்லுபடியாகிறது என்ற மூன்றையும் பார்த்தால் போதும். அதிலும் முதலாவதே மற்ற இரண்டுக்கும் அஸ்திவாரம் என்பது என் வாதம்.

2020 கணக்கெடுப்பின்படி நியூயார்க்கின் மக்கள்தொகை 88 லட்சம். அதில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளிநாட்டில் பிறந்தவர்கள். இவர்களில் யார் நாட்டுக்குள் வரலாம், யார் தங்கலாம், யார் வெளியேற வேண்டும் என்று தீர்மானிப்பதில் மாநகராட்சிக்கு எந்தப் பங்கும் இல்லை. விசாவும் குடியுரிமையும் முழுக்க மத்திய அரசின் கையில் இருக்கின்றன. ஆனால் வந்தவர் மறுநாள் காலையில் சந்திப்பது மத்திய அரசை அல்ல. பள்ளிக்கூடம், அரசு மருத்துவமனை, போலீஸ், தீயணைப்பு, தண்ணீர், குப்பை, கடை லைசென்ஸ் எல்லாம் மாநகராட்சியின் பொறுப்பு. ஏறத்தாழ மூன்று லட்சம் ஊழியர்கள் கொண்ட அந்தப் பெரிய இயந்திரத்துக்குள் மேயரின் குடியேறியோர் விவகார அலுவலகம் என்ற ஒரு சிறிய பிரிவு இருக்கிறது. எட் காச் மேயராக இருந்த 1980-களில் உருவானது. 2001-இல் வாக்காளர்களின் ஒப்புதலோடு நகரத்தின் சாசனத்திலேயே இடம்பிடித்தது. அதன் வேலை நேரடியாக உதவி வழங்குவதைவிட, உதவி வழங்கும் மற்றத் துறைகளை நச்சரிப்பது என்று சொன்னால் பிழையில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டும் என்பார்கள். பூசாரிகள் மூன்று லட்சம் பேர் என்றால், அவர்களைக் கவனிக்கத் தனியாக ஓர் ஆள் வேண்டும்தானே.

இந்த அலுவலகம் வருவதற்கு முன்பும் நியூயார்க்கில் குடியேறியவர்களுக்கு உதவி கிடைக்கத்தான் செய்தது. 19-ஆம் நூற்றாண்டில் டாமனி ஹால் என்று பேர்பெற்ற கட்சி அமைப்பு ஐரிஷ்காரர்களுக்கு வேலை வாங்கித் தந்தது, குளிருக்குக் கரி கொடுத்தது, குடியுரிமைக் காகிதத்தை வேகப்படுத்தியது. பதிலுக்கு ஓட்டை வாங்கிக்கொண்டது. நம்மூர் வட்டச் செயலாளரை நினைத்துக்கொண்டால் போதும், படம் விளங்கிவிடும். இன்னொரு பக்கம் லில்லியன் வால்ட் என்ற செவிலியர் 1893-இல் தொடங்கிய ஹென்றி தெரு இல்லம் போன்ற தொண்டு அமைப்புகள் ஏழைக் குடியேறிகளின் வீடு தேடிப் போய் மருத்துவம் பார்த்தன. முதலாவது பேரம், இரண்டாவது தர்மம். இரண்டிலும் வாங்குபவர் யாருக்கோ கடன்பட்டவராகிறார். நகர அலுவலகம் ஒன்று எழுதப்பட்ட விதியின்படி செய்யும்போதுதான் அதே உதவி, கேட்டு வாங்கக்கூடிய உரிமையாகிறது. சலுகையாகத் தந்ததைத் தந்தவரே நிறுத்திவிடலாம். விதியை மாற்ற வேண்டுமென்றால் நாலுபேர் பார்க்க வெளிப்படையாக மாற்ற வேண்டும்.

அப்படி எழுதப்பட்ட விதிகளில் முக்கியமானது 1989 ஆகஸ்டில் மேயர் காச் பிறப்பித்த 124-ஆம் எண் நிர்வாக ஆணை. குடியேறிய ஒருவரைப் பற்றிய தகவலை நகர ஊழியர்கள் மத்தியக் குடிவரவுத் துறைக்குத் தரக் கூடாது என்றது அந்த ஆணை. சட்டம் கட்டாயப்படுத்தினாலோ, அவரே எழுதிக் கொடுத்தாலோ, அவர்மேல் குற்றச் சந்தேகம் இருந்தாலோ மட்டும் விலக்கு. காரணம் நடைமுறை சார்ந்தது. விசா இல்லாதவர் போலீசிடம் போகப் பயந்தால் திருடனுக்கு வசதி. மருத்துவமனைக்குப் போகப் பயந்தால் காசநோய் அவரோடு நிற்காது. சுரங்க ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் விசா வைத்திருக்கிறாரா என்று கிருமி பார்ப்பதில்லை. பெற்றோர் பயந்தால் குழந்தைகள் பள்ளிக்கு வெளியே நிற்பார்கள். டெக்சாஸ் வழக்கு ஒன்றில் 1982-இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஆவணம் இல்லாத குழந்தைகளுக்கும் அரசுப் பள்ளியில் இடம் மறுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்திருந்தது. ஆனால் பிடித்துக்கொடுத்துவிடுவார்கள் என்ற பயம் பள்ளி வாசலில் இருந்தால் அந்த உரிமை ஏட்டுச் சுரைக்காய்தான். இந்தப் பயம் கற்பனை அல்ல என்பதற்குப் பின்னாளில் கணக்கும் கிடைத்தது. இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் சிகாகோ வளாகம் நான்கு பெரிய மாவட்டங்களில் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரிடம் ஆய்வு நடத்தி 2013-இல் வெளியிட்டது. போலீசார் எங்கள் குடிவரவு நிலையையோ உறவினர்களின் நிலையையோ கேட்பார்கள் என்று நினைத்தால், குற்றத்துக்குப் பலியானாலும் போலீசைக் கூப்பிடத் தயங்குவோம் என்றவர்கள் 44 சதவீதம். ஆவணம் இல்லாதவர்களிடையே அது 70 சதவீதம். பதிவாகாத குற்றம் அந்தத் தெருவில் வாழும் குடிமக்களையும் சேர்த்துத்தான் பாதிக்கிறது.

அந்த ஆணைக்கு 1996-இல் சோதனை வந்தது. குடிவரவு நிலை பற்றிய தகவலை மத்திய அரசுக்குத் தருவதை எந்த நகரமும் தடைசெய்யக் கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. அப்போது மேயராக இருந்தவர் ரூடி ஜூலியானி. குடியேறியவர்களின் தோழர் என்று பிற்காலத்தில் யாரும் அவரைச் சொன்னதில்லை. ஆனால் நகரத்தை நடத்துபவர் என்ற முறையில் அவரே அந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டார். 1999-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நகரம் தோற்றது. இதற்குப் பிறகு நடந்ததுதான் சுவாரசியம். தீர்ப்பு ஒரு வாசலைத் திறந்தே வைத்திருந்தது: குடியேறியவர்களுக்கென்று மட்டும் இல்லாமல், பொதுவான ரகசியக் காப்பு விதி ஒன்று இருந்தால் நிலைமை வேறாக இருக்கலாம். அடுத்த மேயர் மைக்கேல் ப்ளூம்பர்க் முதலில் 2003 மே மாதத்தில் ஓர் ஆணை போட்டார்; போதாது என்று எதிர்ப்பு எழவே, அதே செப்டம்பரில் 41-ஆம் எண் ஆணையாகத் திருத்தினார். இப்போது ரகசியம் குடியேறியவருடையது மட்டும் அல்ல. ஒருவருடைய வருமான வரி விவரம், அரசு உதவி பெறுகிறாரா என்பது, குடும்ப வன்முறைக்கு ஆளானவரா என்பது, பாலியல் சார்பு, குற்றத்துக்குச் சாட்சியா என்பது ஆகிய எல்லாவற்றோடும் சேர்ந்து குடிவரவு நிலையும் காக்கப்பட வேண்டிய தகவலானது. கூடவே இன்னொன்று: உதவிக்குத் தகுதி பார்க்கத் தேவைப்பட்டாலோ சட்டம் கேட்டாலோ தவிர, அந்தக் கேள்வியையே கேட்காதே. உதவி கேட்டு வருபவரிடமும் சாட்சியிடமும் போலீசும் கேட்கக் கூடாது. தகவலை மறைப்பதைத்தான் 1996 சட்டம் தடுத்தது. தகவலைச் சேகரித்தே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை. கோப்பில் இல்லாததை யாரும் கேட்டு வாங்க முடியாது.

இதற்கு முதல் மறுப்பு உடனே வரும், வரவும் வேண்டும். நாட்டின் சட்டத்தை மீறி வந்தவர்களுக்கு ஒரு நகரம் துணை போகலாமா? வரிசையில் நின்று, பணம் கட்டி, பல வருடம் காத்திருந்து விசா வாங்கியவர்களுக்கு இது அநீதி இல்லையா? இந்தக் கோபத்தை எச்1பி வரிசையில் நிற்கும் தமிழர்கள் பலரும் பகிர்ந்துகொள்கிறார்கள். அதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேள்வி கேட்காமல் இருப்பதற்கும் ஒளித்துவைப்பதற்கும் வித்தியாசம் உண்டு. மத்திய அதிகாரிகள் தங்கள் வேலையைச் செய்யத் தடை ஏதும் இல்லை. அந்த வேலையைப் பள்ளி குமாஸ்தாவும் செவிலியரும் செய்து தர வேண்டியதில்லை என்பதே நகரத்தின் நிலைப்பாடு. இது நியூயார்க்கின் பிடிவாதம் மட்டும் அல்ல. மத்திய அரசு தன் திட்டத்தை நடத்த மாநில, உள்ளூர் அதிகாரிகளுக்கு உத்தரவிட முடியாது என்று உச்ச நீதிமன்றமே 1997-இல் சொன்னது. அது துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சரிபார்ப்பது பற்றிய வழக்கு. துப்பாக்கி உரிமையாளர்களின் தரப்பு கொண்டாடிய அதே கோட்பாடு பிறகு குடியேறியவர்களுக்கும் நிழல் தந்தது. அந்த நிழலின் நீளத்தையும் மிகைப்படுத்தக் கூடாது. 2025-இல், நகர மண்டபத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் 26 ஃபெடரல் பிளாசா கட்டடத்தில், குடிவரவு நீதிமன்றத் தேதிக்கு ஒழுங்காக வந்தவர்களையே தாழ்வாரத்தில் வைத்து மத்திய அதிகாரிகள் பிடித்துச் சென்றார்கள். மாநகராட்சியின் விதி எதுவும் அந்தத் தாழ்வாரத்துக்குள் செல்லாது. குடிவரவு நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாதவருக்கு அரசு வக்கீல் வைத்துத் தருவதில்லை. நகரம் தன் பணத்தில் வக்கீல் வைத்துக் கொடுக்கலாம். காவலில் இருப்பவர்களுக்கு 2013 முதல் நியூயார்க் அதையும் செய்கிறது. தீர்ப்பு அதன் கையில் இல்லை.

இனி மொழி. நகரவாசிகளில் ஏறத்தாழ பாதிப்பேர் வீட்டில் ஆங்கிலம் அல்லாத மொழி பேசுகிறார்கள்; ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் மட்டும் சுமார் 18 லட்சம். இவர்களுக்காக 2003-இல் சமூக நலத் துறைகளுக்கு ஒரு சட்டம், 2008-இல் எல்லாத் துறைகளுக்குமாக ஓர் ஆணை, 2017-இல் இன்னும் விரிவான சட்டம் என்று படிப்படியாக வந்தது. இப்போது மக்களோடு நேரடியாகப் பழகும் துறைகள் முக்கியமான படிவங்களைப் பத்து மொழிகளில் தர வேண்டும்: ஸ்பானிஷ், சீனம், ரஷ்யன், வங்காளி, ஹைட்டி கிரியோல், கொரியன், அரபு, உருது, பிரெஞ்சு, போலிஷ். மற்ற மொழிக்காரர்களுக்குத் தொலைபேசி வழியே மொழிபெயர்ப்பாளர். முன்பு இந்த வேலையைச் செய்தவர்கள் குழந்தைகள். புதிதாக வந்த குடும்பத்தில் ஆங்கிலம் முதலில் பிடிபடுவது பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குத்தான் என்பதால், பத்து வயதுச் சிறுமி அம்மாவின் கர்ப்பப்பைக் கட்டியைப் பற்றி டாக்டர் சொல்வதை மொழிபெயர்க்க வேண்டிய நிலை வரும். மகன்தான் துபாஷி என்றால், பள்ளியில் அவனைப் பற்றி ஆசிரியர் சொல்லும் புகார் அப்பாவிடம் எந்த வடிவத்தில் போய்ச் சேரும் என்பதையும் ஊகிக்கலாம். மருந்துக் கடைகளையும் நகரம் விட்டுவைக்கவில்லை. பெரிய மருந்துக் கடைச் சங்கிலிகள் மருந்தை எப்படிச் சாப்பிட வேண்டும் என்பதை வாங்குபவரின் மொழியில் விளக்க வேண்டும் என்று 2009-இல் நகரச் சட்டம் வந்தது. ஒரு வேளைக்கு இரண்டு மாத்திரையா, இரண்டு வேளைக்கு ஒரு மாத்திரையா என்பதில் மொழி உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாகிவிடுகிறது.

எந்த மொழி பட்டியலில் ஏறும் என்பது ஒரு சின்ன அரசியல். வாக்குச் சீட்டுக்கான பட்டியல் மத்திய வாக்குரிமைச் சட்டத்தின்படி தனியாக நடக்கிறது. 2011-இல் குயீன்ஸில் 'ஆசிய இந்தியர்' மொழி ஒன்றில் வாக்குச் சீட்டு தர வேண்டும் என்று தீர்மானமானது. 'ஆசிய இந்தியர்' என்று ஒரு மொழி கிடையாதே! கடைசியில் வங்காளியைத் தேர்ந்தார்கள். இந்தியும் பஞ்சாபியும் வெளியே நின்றன. தமிழ் பேச்சிலேயே வரவில்லை. நகரத்தின் பத்து மொழிகளிலும் தமிழ் இல்லை. ஃப்ளஷிங்கில் கோயில், ஸ்டேட்டன் தீவில் இலங்கைக்காரர்களின் கடைத்தெரு எல்லாம் இருந்தும், எண்ணிக்கை போதாது. இதில் மனத்தாங்கல் கொள்வதற்கு ஒன்றுமில்லை; எண்ணிக்கையை வைத்துத்தான் அச்சடிக்க முடியும். ஆனால் ஆங்கிலம் தெரிந்தவர்கள் அதிகம் உள்ள சமூகத்தில், தெரியாத சிலர் கண்ணுக்கே படாமல் போகும் அபாயமும் இதில்தான் இருக்கிறது. பிள்ளையைப் பார்க்க வந்து அங்கேயே தங்கிவிட்ட தாய் தகப்பன் அந்தச் சிலரில் அடக்கம். அவர்களுக்குத் தொலைபேசி மொழிபெயர்ப்பாளர்தான் கதி. அப்படி ஒரு வசதி கேட்டால் கிடைக்கும் என்பது தெரிந்திருந்தால்.

எல்லாவற்றையும் அவரவர் மொழியில் கொடுத்துக்கொண்டே இருந்தால் ஆங்கிலம் எப்போது கற்பார்கள் என்பது அடுத்த மறுப்பு. 2025 மார்ச்சில் அதிபர் டிரம்ப் ஆங்கிலத்தை அமெரிக்காவின் அதிகாரபூர்வ மொழியாக அறிவித்து, கிளின்டன் காலத்து மொழி உதவி ஆணையை ரத்து செய்ததற்குப் பின்னே இருக்கும் வாதமும் இதுதான். ஊரோடு ஒத்து வாழ் என்பது நல்ல புத்திமதி. ஆனால் ஆங்கிலம் தெரிந்தால் சம்பளம் கூடும் என்பது எல்லாக் குடியேறிகளுக்கும் தெரியும். மருத்துவமனைப் படிவம் தாய்மொழியில் கிடைப்பதால் அந்த ஆசை குறைந்துவிடாது. இரண்டு வேலை பார்க்கும் நாற்பது வயதுக்காரருக்கு ஒரு புதிய மொழி வர வருடங்கள் ஆகும். குழந்தையின் காய்ச்சல் அதுவரை காத்திருக்காது. நூறு வருடம் முன்பு இதே நகரத்தில் இத்திஷ் மொழிப் பத்திரிகைகள் லட்சக்கணக்கில் விற்றன. அதைப் படித்தவர்களின் பேரப்பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இத்திஷ் படிக்கவே தெரியாது. மொழி பெயர்த்துக் கொடுத்ததால் ஒரு தலைமுறை ஆங்கிலம் கற்காமல் போனது என்பதற்கு நியூயார்க்கின் வரலாற்றில் ஆதாரம் இல்லை. தாய்மொழி தொலைந்துபோவதற்குத்தான் தாராளமாக ஆதாரம் இருக்கிறது.

மூன்றாவது, காகிதம். அமெரிக்காவில் தேசிய அடையாள அட்டை கிடையாது. ஓட்டுநர் உரிமம்தான் அந்த வேலையைச் செய்கிறது. நியூயார்க் மாநிலத்தில் ஆவணமில்லாதவர்களுக்கும் உரிமம் தரும் இன்றைய சட்டம் நடைமுறைக்கு வந்ததே 2019 டிசம்பரில்தான். அதுவரை, பிள்ளையின் பள்ளிக் கட்டடத்துக்குள் நுழைவதற்கே காட்ட ஒன்றும் இல்லாத பெற்றோர் ஏராளம். 2007-இல் நியூ ஹேவன் என்ற சிறு நகரம் தன் ஊரில் வாழ்பவர்களுக்கென்று ஓர் அட்டை கொடுத்து வழிகாட்டியது. 2015 ஜனவரியில் நியூயார்க்கும் ஐடிஎன்ஒய்சி என்ற அட்டையைத் தொடங்கியது. இதன் சூட்சுமம் வடிவமைப்பில் இருக்கிறது. விசா இல்லாதவர்கள் மட்டும் வாங்கும் அட்டை என்றால், அதை நீட்டுவதே தன்னைக் காட்டிக்கொடுப்பதாகிவிடும். எனவே எல்லோரையும் வாங்க வைக்க வேண்டும். முப்பதுக்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்கள், விலங்குக் காட்சி சாலைகள், கலை அரங்குகள் ஆகியவற்றில் ஒரு வருட இலவச உறுப்பினர் வசதியை அட்டையோடு சேர்த்தார்கள். அட்டையும் இலவசம். நகரத்தின் பழைய குடிகளே வரிசையில் நின்றார்கள். முன்பதிவு கிடைக்க மாதக்கணக்கில் ஆயிற்று. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாங்கிய பிறகு அட்டையைப் பார்த்து ஆளை ஊகிக்க வழியில்லை. 2003 ஆணையின் தந்திரம் இங்கே பிளாஸ்டிக்கில் அச்சாகிவிட்டது: சிலருக்கான பாதுகாப்பை எல்லோருக்கும் கொடுத்துவிடு, சிலர் யார் என்பது தெரியாமல் போய்விடும்.

ஆனால் இதிலேயே ஓர் ஓட்டையும் இருந்தது. விண்ணப்பத்தோடு கொடுத்த வெளிநாட்டு பாஸ்போர்ட் நகல்கள் அலுவலகத்தில் குவிந்தன. 2016 நவம்பரில் டிரம்ப் வெற்றி பெற்றதும், அந்தக் குவியலே ஒரு பட்டியலாகிவிடுமோ என்ற பீதி. அந்த ஆண்டு முடிவில் ஆவணங்களை அழித்துவிடலாம் என்று சட்டத்திலேயே ஒரு பிரிவு வைத்திருந்தார்கள். அழிக்கக் கூடாது என்று இரண்டு மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள் வழக்குப் போட்டார்கள். 2017 ஏப்ரலில் நீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது. அதற்குள் புதிய நகல்களை வைத்துக்கொள்வதையே நிறுத்திவிட்டிருந்தார்கள். கேட்காதே என்ற விதியை மறந்து, பார்த்ததை எல்லாம் பத்திரப்படுத்தும் அலுவலகப் பழக்கம் எவ்வளவு சுலபமாக எட்டிப்பார்க்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. உதவும் நோக்கத்தோடு சேர்த்த கோப்பு, ஆட்சி மாறினால் தேடும் கோப்பாகிவிடும்.

செலவு பற்றிய மறுப்புக்குத்தான் பதில் சொல்வது கடினம். நியூயார்க்கில் தங்க இடம் கேட்பவருக்கு இடம் கொடுத்தாக வேண்டும் என்பது 1981-இல் ஒரு வழக்கின் சமரச உடன்பாட்டில் நகரம் ஏற்றுக்கொண்ட கடமை. வேறு எந்தப் பெரிய அமெரிக்க நகரத்துக்கும் இவ்வளவு விரிவான கடமை இல்லை. 2022 வசந்த காலத்திலிருந்து, தஞ்சம் கேட்டுத் தெற்கு எல்லையைக் கடந்தவர்கள் வரத் தொடங்கினார்கள். டெக்சாஸ் ஆளுநர் பஸ் ஏற்றியும் அனுப்பினார். மூன்று வருடத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். ஒரு காலத்தில் ஆடம்பரமாக இருந்த ரூஸ்வெல்ட் ஓட்டல் 2023 மே மாதத்தில் வரவேற்பு மையமாக மாறி, 2025 ஜூனில் மூடப்பட்டது. செலவு பல நூறு கோடி டாலர்களைத் தாண்டியது. இது நகரத்தையே அழித்துவிடும் என்று மேயர் எரிக் ஆடம்ஸே 2023-இல் பேசினார். பல தலைமுறையாக அங்கே வாழும் ஏழைகள், எங்களுக்கு இல்லாத வீடு நேற்று வந்தவருக்கா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை இனவெறி என்று ஒதுக்குவது சோம்பேறித்தனம். ஆனால் பணம் எங்கே போனது என்று பார்த்தால் கதை கொஞ்சம் மாறுகிறது. தஞ்ச விண்ணப்பம் கொடுத்து 150 நாள் கழித்துத்தான் வேலை அனுமதிக்கே மனுப் போடலாம், 180 நாளுக்கு முன் கிடைக்காது என்பது மத்திய அரசின் விதி. விண்ணப்பப் படிவமோ ஆங்கிலத்தில், பல பக்கங்கள். உழைக்க வந்தவரை உழைக்க விடாமல் உட்காரவைத்து, உட்கார்ந்திருக்கும் நாட்களின் ஓட்டல் வாடகையை நகரத்தின் தலையில் கட்டினால் கணக்கு அப்படித்தான் வரும். 2023 ஜூனில் நகரம் விண்ணப்ப உதவி மையம் ஒன்றைத் திறந்தது. படிவம் நிரப்பித் தர மேசை போட்டு ஆள் உட்காரவைக்கும் வேலைதான். ஒருவர் அங்கே ஒரு மாதம் முன்னதாக மனுக் கொடுத்தால், அவருடைய வேலை அனுமதியும் ஒரு மாதம் முன்னதாக வரும். வரி பற்றியும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. ஆவணமில்லாதவர்கள் 2022-இல் அமெரிக்கா முழுவதும் 9,670 கோடி டாலர் வரி கட்டியதாக வரிக் கொள்கை ஆய்வு நிறுவனம் ஒன்று மதிப்பிட்டது. இதில் பெரும்பங்கு மத்திய அரசின் கஜானாவுக்குப் போகிறது. தங்குமிடம், பள்ளி, மருத்துவமனைச் செலவு மட்டும் உள்ளூரில் நிற்கிறது.

எதிர்ப்புறத்திலிருந்தும் ஒரு மறுப்பு உண்டு. எனக்கு அதுதான் அதிகம் உறைக்கிறது. இந்த அலுவலகமெல்லாம் கண்துடைப்பு, ஒரு கை தடவிக்கொடுக்கும்போதே இன்னொரு கை அடிக்கிறது என்பது அந்த வாதம். தெருவோர வண்டிகளைப் பாருங்கள். நியூயார்க்கில் வண்டியில் உணவு விற்பவர்களில் பெரும்பாலோர் குடியேறியவர்கள். வாஷிங்டன் சதுக்கப் பூங்காவில் இருபது வருடத்துக்கும் மேலாகத் தோசை வார்த்துப் பேர் வாங்கிய இலங்கைத் தமிழரும் அவர்களில் ஒருவர். வண்டிக்கான பர்மிட்டுகளின் எண்ணிக்கைக்கு 1983-இல் நகரம் ஒரு வரம்பு போட்டது. கிட்டத்தட்ட நாற்பது வருடம் அந்த வரம்பு அசையவில்லை. சில நூறு டாலர் கட்டணத்தில் மாநகராட்சி கொடுத்த பர்மிட், கள்ளச் சந்தையில் பல ஆயிரம் டாலர் வாடகைக்குப் போனது. வாடகை கட்ட முடியாதவர் பர்மிட் இல்லாமல் விற்று அபராதம் கட்டினார். அந்த அபராதச் சீட்டை எழுதியதும் இதே மாநகராட்சிதான். 2021-இல் வருடத்துக்கு 445 என்று பத்து வருடம் புதிய பர்மிட்டுகள் தரச் சட்டம் வந்தது. வழங்கியதோ ஆமை வேகம். ஒரு வங்காளி வியாபாரிக்கு அவருடைய மொழியிலேயே அபராத விதியை அச்சடித்துக் கொடுப்பதை உதவி என்று சொல்லிக்கொள்ள முடியாது. குடியேறியோர் அலுவலகத்தால் சுகாதாரத் துறையையும் போலீசையும் நச்சரிக்க முடியும். அவர்கள் கேட்காவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

நச்சரிப்பு எப்போது பலிக்கும்? ஓட்டு இருந்தால் பலிக்கும், டாமனி ஹாலுக்கு இது நன்றாகத் தெரியும். இங்கேதான் நியூயார்க் முட்டி நிற்கிறது. குடியுரிமை இல்லாத பெற்றோரும் உள்ளூர்ப் பள்ளிக் குழுத் தேர்தலில் வாக்களிக்கும் வழக்கம் இதே நகரத்தில் 2002 வரை இருந்தது. குழுக்களைக் கலைத்தபோது அதுவும் போயிற்று. 2021 டிசம்பரில் மாநகர மன்றம் துணிந்து ஒரு சட்டம் நிறைவேற்றியது. நிரந்தரக் குடியிருப்பு உரிமையோ வேலை அனுமதியோ பெற்று நகரத்தில் வாழ்பவர்கள் மேயர், மாநகர மன்றத் தேர்தல்களில் வாக்களிக்கலாம் என்றது. சுமார் எட்டு லட்சம் பேருக்குப் பொருந்தும் சட்டம் அது. ஆவணமில்லாதவர்கள் இதில் இல்லை. வரிசையில் நின்று விசா வாங்கியவர்களும் இருந்தார்கள். ஒரு தேர்தலில்கூட அது நடைமுறைக்கு வரவில்லை. 2022 ஜூனில் ஸ்டேட்டன் தீவு நீதிபதி ரத்து செய்தார், மேல்முறையீடு தோற்றது, 2025 மார்ச்சில் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் கதவை மூடியது. மாநில அரசியல் சாசனத்தில் வாக்காளர் என்றால் குடிமகன் என்று எழுதியிருக்கிறது என்பது தீர்ப்பு. இதனால் கிரீன் கார்டோடு இருபது வருடம் ஃப்ளஷிங்கில் கடை நடத்தி வரி கட்டியவருக்கு இன்றைக்கும் நூலக அட்டை உண்டு, நகர அடையாள அட்டை உண்டு, தீபாவளிக்குக் காரை நகர்த்தாமல் இருக்கும் உரிமை உண்டு. தன் கடை வாசலில் வண்டி நிறுத்தும் விதியை எழுதும் மாநகர மன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், வாக்காளர் பதிவுப் படிவம் அவரிடம் குடியுரிமையைப் பற்றிக் கேட்கும்.